காரணிப்படுத்தும்போது பசங்க மார்க்கை விடுற இடங்கள்

சாயங்காலம் எங்க தெரு பசங்க நாலஞ்சு பேருக்கு ஒன்பதாவது கணக்கு சொல்லித் தர்றேன். காரணிப்படுத்துறதுல, அதாவது ஒரு கோவையைப் பெருக்கலா உடைச்சு எழுதுறதுல, நடு உறுப்பைப் பிரிக்கத் தெரியாம மார்க் போறதில்ல, அதெல்லாம் நல்லா பிரிக்கிறாங்க, அதுக்கு அடுத்த வரியிலதான் போகுது.

6எக்ஸ்² − 13எக்ஸ் + 6 எடுத்துக்கோங்க. பெருக்கினா 36 (முதல் 6 × கடைசி 6), கூட்டினா −13 வர்ற ரெண்டு எண் வேணும், அப்போ −9, −4னு டக்குனு கண்டுபிடிச்சுடுறாங்க. 6எக்ஸ்² − 9எக்ஸ் − 4எக்ஸ் + 6, இதுவும் சரி. அடுத்த வரில 3எக்ஸ்(2எக்ஸ் − 3) − 2(2எக்ஸ் + 3)னு எழுதிடுறாங்க, −2ஐ வெளிய எடுத்தா +6, உள்ள −3 ஆகணும்ங்கிறது மறந்துபோச்சு. ரெண்டு அடைப்புக்குறியும் ஒரே மாதிரி வரலன்னா தயவுசெஞ்சு அங்கயே நில்லுங்க, ஏதோ ஒண்ணைப் பொதுவா எடுத்து விடை எழுதிட்டுப் போகாதீங்க. சரியான விடை (3எக்ஸ் − 2)(2எக்ஸ் − 3).

அடுத்தது 3எக்ஸ்² − 12. 3(எக்ஸ்² − 4)னு எழுதிட்டு முடிஞ்சதுன்னு அடுத்த கணக்குக்குப் போயிடுறாங்க, உள்ள இன்னும் (எக்ஸ் + 2)(எக்ஸ் − 2) இருக்கு. இதுக்கு நேர் எதிரா எக்ஸ்² + 9ஐப் பார்த்தா (எக்ஸ் + 3)(எக்ஸ் + 3)னு உடைக்கிறாங்க. அதைப் பெருக்கிப் பாருங்க, நடுவுல 6எக்ஸ் வந்து நிக்கும். ப்ளஸ் போட்ட எக்ஸ்² + 9 நாம படிக்கிற எண்களை வச்சு உடையவே உடையாது.

எக்ஸ்² + எக்ஸ்ல எக்ஸை வெளிய எடுத்தா உள்ள 1 மிஞ்சும், எக்ஸ்(எக்ஸ் + 1). அந்த 1ஐ விட்டுடாதீங்க.

எனக்கு ரொம்ப வருத்தமான தப்பு ஒண்ணு இருக்கு. 2எக்ஸ்² − 10எக்ஸ் + 12க்கு (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3)னு ஒரு பொண்ணு எழுதியிருந்தா, 2 எங்கம்மான்னு கேட்டா "வகுத்துட்டேன் அக்கா"ங்கிறா. சமன்பாடுன்னா அந்தப் பக்கம் 0 இருக்கு, வகுக்கலாம். இது சமக்குறி இல்லாத வெறும் கோவைதானே, 2ஐத் தூக்கிட்டா மதிப்பே பாதியாயிடும், அதனால 2 முன்னாடியே நிக்கணும்.

விடை வந்ததும் எக்ஸுக்கு 10 போட்டுப் பார்க்கச் சொல்றேன். முதல் கணக்குல 600 − 130 + 6 = 476, விடைல 28 × 17, அதுவும் 476. அரை நிமிஷம் கூட ஆகாது. 0 மட்டும் போடாதீங்க, கடைசி எண் மட்டும்தான் மிஞ்சும், நடு உறுப்பு தப்பா இருந்தாலும் தெரியாது.