அப்பா அம்மா வீட்டு டிவியில் குடும்பப் படங்கள்

பேரக்குழந்தைகளின் படங்களை ஊரில் இருக்கும் பெரியவர்கள் பார்க்கவேண்டும் என்றால், உள்ளங்கை அளவு போன் திரையைவிட வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிவிதான் நல்ல இடம். தனியாக டிஜிட்டல் ஃபிரேம் வாங்க அவசியமில்லை. யுஎஸ்பி துளை உள்ள டிவி, 32 ஜிபி பென்டிரைவ், ஒரு மாலை நேரம், இவ்வளவு போதும்.

முதலில் படம் எப்படி உங்கள் கைக்கு வருகிறது என்று பாருங்கள். 4000 x 3000 பிக்சலில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். ஃபுல் ஹெச்டி டிவியின் அகலமே 1920 பிக்சல். 4கே டிவிக்கு 3840. அதனால்தான் போனில் பளிச்சென்று இருந்த முகம் டிவியில் கலங்கலாகத் தெரிகிறது. படம் எடுத்த தேதியும் அந்த வழியில் போய்விடும். தம்பி, அக்கா யாரிடமிருந்து வாங்கினாலும், இணைப்புக் குறியைத் தொட்டு ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படம் அப்படியே வரும்.

அடுத்து, வேண்டாத படங்களைக் கழிப்பது. கல்யாணத்தில் எடுத்த 900 படங்களையும் போட்டால் யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு 40 படங்கள் தாராளம். மேடையில் வரிசையாக நின்ற படங்களைக் குறைத்து, பந்தியில் சிரிப்பவர்கள், திண்ணையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் இருக்கும் படங்களை வையுங்கள். பெரியவர்கள் தேடுவது அந்த முகங்களைத்தான். செங்குத்தாக எடுத்த படம் டிவி அகலத்தில் பாதியைக்கூட நிரப்பாது. அப்படிப்பட்ட இரண்டை கொலாஜ் ஆப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாகச் சேமித்தால் திரை நிறையும்.

இனி பென்டிரைவ். கணினியில் செருகி ‘ஃபேட்32’ வகையில் (பென்டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஒரு முறை) ஃபார்மேட் செய்யுங்கள். உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும் என்பதால், இருப்பதை முன்பே வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிவிகள் பல ‘எக்ஸ்ஃபேட்’ என்ற இன்னொரு வகையைப் படிக்காது. 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவுக்கு விண்டோஸின் ஃபார்மேட் பட்டியல் பொதுவாக ஃபேட்32-ஐக் காட்டாது, அதனால்தான் 32 ஜிபி. இடம் போதுமா என்ற கவலை வேண்டாம்: படத்துக்கு 4 எம்பி என்று வைத்தாலும் 300 படங்கள் 1.2 ஜிபிதான். வீடியோவும் சேர்த்தால், ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது.

நிகழ்ச்சிக்கு ஒரு ஃபோல்டர். படங்களுக்கு 001, 002, 003 என்று எண்ணிடுங்கள். வெறும் 1, 2, 3 என்றால் பல டிவிகளில் 1-க்கு அடுத்து 10 வந்து, தாலி கட்டும் முன்பே வரவேற்பு வந்துவிடும். ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் சில டிவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் “சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழா, 2019” போன்ற குறிப்பைப் படத்தின் மேலேயே தமிழில் எழுதி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் படமாக வைக்கலாம். இந்தச் சின்ன வேலையைத் தவறவிடாதீர்கள். யார், எங்கே, எப்போது என்று தெரிந்தால்தான் பேச்சு தொடங்கும்.

டிவியில் படம் திறக்கவில்லையா? ஐபோன் படமாக இருந்தால் அது பெரும்பாலும் ‘ஹெச்இஐசி’ வகை. பல டிவிகளுக்கு அது புரியாது. போனின் அமைப்பில் கேமரா, ஃபார்மேட்ஸ், ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ என்று மாற்றினால் இனி எடுப்பவை ஜேபிஜியாக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றை ஜேபிஜியாக மாற்றித்தான் நகலெடுக்கவேண்டும். படம் பக்கவாட்டில் படுத்திருந்தால், போன் எழுதிவைத்த திசைக்குறிப்பை டிவி கவனிக்கவில்லை என்று அர்த்தம். கணினியில் ஒருமுறை திருப்பிச் சேமித்து, மறுபடி நகலெடுங்கள். ஸ்லைடு ஷோ இடைவெளி 10 விநாடியாவது இருக்கட்டும்.

தூரத்தில் இருந்தபடியே புதுப்படம் சேர்க்க, கூகுள் ஃபோட்டோஸில் பகிர்ந்த ஆல்பம் ஒன்று தொடங்குங்கள். அப்பாவின் போனும் டிவியும் ஒரே வைஃபையில் இருந்து, டிவியில் காஸ்ட் வசதியும் (போனில் இருப்பதை வைஃபை வழியே டிவியில் காட்டுவது) இருந்தால், ஆல்பத்தைத் திறந்து காஸ்ட் குறியைத் தொட்டால் போதும். கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி, அதில் ஜிமெயிலுக்கும் பங்கு உண்டு. ஆல்பத்தைப் பார்ப்பதால் அப்பாவின் கணக்கில் இடம் குறையாது. அவர் தன் கணக்கில் சேமித்தால்தான் குறையும். ஆனால் நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து படத்தை அழித்தால் ஆல்பத்திலிருந்தும் போய்விடும். முகம் பார்த்துத் தானாகச் சேர்க்கும் வசதி வேண்டாம், மருத்துவமனையில் எடுத்த படமும் சேர்ந்துவிடும். லிங்க் கிடைத்தவர் எவரும் ஆல்பத்தைப் பார்க்கலாம் என்பதால், லிங்கைக் குடும்பக் குரூப்பில் போடாமல் ஒவ்வொருவரையும் அவரவர் கணக்கின் வழியே சேருங்கள். குழந்தைகள் இருக்கும் ஆல்பத்தில் இடக்குறிப்புப் பகிர்வையும் நிறுத்துங்கள்.

இணையம் சரியில்லாத ஊர் என்றால் பென்டிரைவ் இரண்டு வாங்குங்கள். ஒன்று டிவியில், இன்னொன்று உங்களிடம். ஊருக்குப் போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். மூலப் படங்களின் இன்னொரு நகல் ஹார்டு டிஸ்கில் இருக்கட்டும், பென்டிரைவ் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். கிளம்பும் முன், ரிமோட்டில் எந்தப் பொத்தான், எத்தனை முறை என்று பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பிறகு ரிமோட்டை அம்மா கையில் கொடுத்து, நீங்கள் எதுவும் சொல்லாமல், அவரையே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் அந்தத் தாளைத் திருத்தி எழுதுங்கள்.