குதிரைக்கு மாட்டு வைத்தியம் வேண்டாம்: குட்டி போட்ட பிறகு நடக்கும் தவறுகள்

கொடைக்கானல் ஏரியோரம் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரை ஆகட்டும், நெடுங்காலம் ரோடு பார்க்காத வெள்ளகவிப் பக்கம் மூட்டை சுமந்த குதிரை ஆகட்டும், அது குட்டி போடும் ராத்திரியில் துணைக்கு வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் மாடு வளர்த்தவர்கள்தான். பல கன்றுகளைக் கையில் வாங்கியவர்கள். அவர்கள் சொல்வதை யாரும் தட்டுவதில்லை. பழனி மலையில் குதிரைக்குட்டிகள் சாவதற்கும், நல்ல பெட்டைகள் குளம்பு கெட்டு மூலையில் நிற்பதற்கும் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பசு ஒரு நாள் பொறுக்கும் காரியத்தைக் குதிரை மூன்று மணி நேரம்கூடப் பொறுக்காது.

குதிரை வைத்தியத்தில் ஒரு எளிய கணக்கு உண்டு. பிறந்து 1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் மடியைக் கண்டுபிடித்துக் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்துக்குள் தாய் நஞ்சுக்கொடியைப் போட்டுவிட வேண்டும். குட்டி விழுந்த நேரத்தை லாயச் சுவரில் கரித்துண்டால் எழுதி வையுங்கள். விடிந்த பிறகு "எத்தனை மணி இருக்கும்?" என்று ஆளுக்கொரு நேரம் சொன்னால் டாக்டருக்கு அது எதற்கும் உதவாது.

நஞ்சுக்கொடியில் கல்லைக் கட்டுவது

பசுவுக்கு நஞ்சு விழ அரை நாள் ஆனாலும் ஊரில் யாரும் பதறுவதில்லை. அந்தப் பழக்கத்தில் குதிரைக்கும் காலைவரை பார்ப்பார்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டு யோசனை வரும்: "ஒரு கல்லக் கட்டித் தொங்கவிடுண்ணே, தானா இறங்கிரும்." கல் இல்லாவிட்டால் பிய்ந்த செருப்பு. இரண்டுமே கூடாது, கையால் இழுப்பதும் கூடாது.

பசுவின் நஞ்சு கர்ப்பப்பையில் அங்கங்கே பொத்தான் வைத்த மாதிரி ஒட்டியிருக்கும். குதிரைக்கு அப்படியில்லை, உள்சுவர் முழுக்கப் பரவி ஒட்டியிருக்கும். இழுத்தால் கிழியும், துண்டு உள்ளே தங்கும். சில சமயம் கர்ப்பப்பையே வெளியே வந்துவிடும். உள்ளே தங்கிய துண்டு உள்ளங்கை அளவுதான் இருந்தாலும் அழுகி, அதன் விஷம் ரத்தத்தில் கலக்கும். முதலில் காய்ச்சல், பிறகு குளம்புக்குள் அழற்சி. நாலு காலால் சம்பாதிக்கும் ஜீவனுக்கு அதோடு பிழைப்பு போயிற்று.

தொங்கும் நஞ்சைத் தாய் மிதித்துக் கிழிக்காமலிருக்க, சுருட்டி முடிச்சாக்கி, பின்னங்கால் முட்டிக்கு மேலே நிற்கும்படி சணலால் கட்டிவிடுங்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை. மூன்று மணி நேரம் தாண்டினால் டாக்டர் வர வேண்டும். மலைக் கிராமத்தில் இருப்பவர்கள் மூன்று மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் இரண்டாவது மணியிலேயே போன் போட்டுவிடுவது நல்லது. 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கேட்கலாம், ஆனால் மலைப்பாதையில் அது ஏறிவரவும் நேரம் பிடிக்கும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசியை டாக்டர் சிறு அளவில் போடுவார். மருந்துக்கடையில் அதே ஊசியை வாங்கி மாட்டு அளவில் நாமே குத்தினால் குதிரைக்குக் கடும் வயிற்றுவலி வரும்.

விழுந்த நஞ்சை உடனே புதைக்கிறார்கள். நாய்க்கு எட்டாமல் இருக்கட்டும் என்பது சரிதான், ஆனால் மூடி போட்ட வாளியில் வைத்து, டாக்டர் பார்க்கும்வரை காத்திருங்கள். அவர் வர நேரமானால் நீங்களே ஒரு கழுவிய சாக்கில் விரித்துப் பாருங்கள். தரையில் பரப்பினால் ஒரு பெரிய கால்சட்டை மாதிரி இருக்கும். குட்டி இருந்த பக்கத்துக் கால் பெரியது, மற்றது சிறியது. குட்டி வெளியேறிய ஓர் ஓட்டை மட்டும் இருக்க வேண்டும். இரண்டு கால்களின் நுனியும் மூடி, முழுதாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே தங்குவது அந்தச் சிறிய காலின் நுனிதான். நுனி பிய்ந்திருந்தால், நஞ்சு நேரத்துக்கு விழுந்திருந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சீம்பாலைக் கறந்து ஊற்றுவது

"கெட்டிப்பால், குட்டிக்குச் செரிக்காது" என்று முதல் பாலைப் பீய்ச்சித் தரையில் விடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. மனிதக் குழந்தைக்குத் தாயின் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றிலேயே போய்ச் சேரும். குதிரைக்குட்டிக்கு அப்படிச் சேராது. அதற்குக் கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான். அதையும் குடல் உறிஞ்சுவது முதல் 24 மணி நேரம்தான், முதல் 6 மணி நேரத்தில் நன்றாக உறிஞ்சும். அதன் பிறகு எத்தனை லிட்டர் கொடுத்தாலும் பாலாகச் செரிக்குமே தவிரக் காவலாக நிற்காது. பிறந்து ஒரு நாள் ஆனதும் குட்டியின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சோதிக்கலாம். குறைவாக இருந்தால் பிளாஸ்மா (எதிர்ப்புச் சக்தி உள்ள ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்ற வேண்டியிருக்கும். மலையில் அது எளிதில் நடக்கிற காரியமில்லை. அதனால்தான் அந்த முதல் ஆறு மணி நேரத்தைக் கோட்டைவிடக் கூடாது என்கிறேன்.

குட்டி மடிக்கடியில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குடித்துவிட்டது என்று படுக்கப் போவது அடுத்த தவறு. மடியைத் தொட்டுப் பாருங்கள். குடித்திருந்தால் தளர்ந்திருக்கும். இறுகிப்போய், காம்பில் பால் சொட்டிக்கொண்டு, குட்டியின் நெற்றியில் பால் காய்ந்து ஒட்டியிருந்தால், அது முட்டிக்கொண்டு நிற்கிறதே தவிரக் காம்பைப் பிடிக்கவில்லை. அப்போது கறந்து பாட்டிலில் கொடுங்கள், தலையைத் தூக்கிப் பிடிக்காமல், மடியில் குடிக்கிற அதே உயரத்தில். சப்பத் தெரியாத குட்டிக்கு மூங்கில் குழாயால் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்கே அனுப்புவார்.

தாய் இறந்துவிட்டால் பசும்பாலை அப்படியே கொடுக்காதீர்கள். குதிரைப்பாலில் கொழுப்பு குறைவு, இனிப்பு அதிகம். கொழுப்பு 2 சதவீதம் உள்ள பாலில் லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் பொடி கலப்பது வழக்கம். சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் எதுவும் வேண்டாம். சின்னக் குட்டியின் குடலுக்கு அதை உடைக்கும் திறன் வந்திருக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

குளிரும் கரியடுப்பும்

டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் ஊர் இது. ஈரக் குட்டியைத் துணியால் துடைத்துக் காய வைப்பதில் தவறில்லை. தாய் நக்கி மோந்து அடையாளம் கண்ட பிறகு செய்தால் இன்னும் நல்லது. தவறு எதுவென்றால், நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, உள்ளே கரியடுப்பை வைத்துவிட்டுப் போவது. புகையும் நச்சுக் காற்றும் மூடிய இடத்தில் குட்டியையும் தாயையும் சேர்த்தே கொல்லும். காற்று நேராக அடிக்காத மூலை, முழங்கால் ஆழம் காய்ந்த வைக்கோல், குட்டி மேல் ஒரு பழைய கம்பளி, இவை போதும். மரத்தூள் பரப்பாதீர்கள், மூக்கிலும் ஈரத் தொப்புளிலும் ஒட்டிக்கொள்ளும்.

விறைத்துப்போய்க் கிடக்கும் குட்டிக்கு உடனே பால் ஊற்றத் தோன்றும். உடம்பு சூடு இல்லாமல் குடல் வேலை செய்யாது. முதலில் மெல்லச் சூடேற்றுங்கள், பிறகு பால். குட்டியின் இயல்பான சூடு ஏறக்குறைய 99 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட்.

தாய்க்குப் பத்தியம்

பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பத்தியத்தைக் குதிரைக்கும் வைத்து, தண்ணீரைக் குறைத்து, இரண்டு நாள் பட்டினி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மட்டக்குதிரைக்கு இதைவிடக் கெடுதல் கிடையாது. பால் சுரக்கும் நேரத்தில் தீனி நின்றால் உடம்பிலுள்ள கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் இறங்கி ஈரலை அடைத்துவிடும். கொழுத்த பெட்டைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஈன்றதும் வெதுவெதுப்பான தண்ணீர் தாராளமாக, நல்ல புல், முதல் நாள் கொஞ்சம் தவிட்டுக் கூழ். கொள்ளுத் தீனியை ஒரே நாளில் ஏற்றாமல் ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

தவிட்டையே நம்பியிருப்பதும் சரியில்லை. கொடைக்கானலில் மேய்ச்சலில் பாதி கிக்குயூ புல். அதிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டிலுள்ள பாஸ்பரஸும் சேர்ந்தால் பால் கொடுக்கும் பெட்டை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத்தான் பாலுக்குக் கொடுக்கும். தாது உப்புக் கலவை எது, எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று கோழித் தீவனம் போடாதீர்கள். அதில் சேர்க்கப்படும் மோனென்சின் போன்ற மருந்து கோழிக்கு நல்லது, குதிரையின் இதயத்துக்கு விஷம்.

வயதான பெட்டை ஈன்ற சில மணி நேரத்தில் வியர்த்து, ஈறு வெளுத்து, வயிற்றுவலி போலத் தவித்தால் "நடக்க வையுங்க" என்பார்கள். அப்போது நடத்தவே கூடாது. உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். இருட்டான, அமைதியான இடத்தில் நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சீசன்

இதைச் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். ஏப்ரல், மே வருமானத்தை நம்பித்தான் வருடம் ஓடுகிறது என்பது தெரியும். ஆனால் முதல் வாரங்களில் குட்டி மணிக்குப் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். தாயைக் காலையில் ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போய் மாலையில் திருப்பினால் குட்டி பட்டினி, தாய்க்கு மடி கட்டும். கூடவே ஓட்டிப்போனால் கார்களுக்கும் ஹாரனுக்கும் நடுவே அது ஓடும். மூன்று மாதமாவது பெட்டையை விட்டுவிடுங்கள். முடியாதென்றால் சீசனில் குட்டி விழாதபடி சினைக்கு விடும் மாதத்தையே தள்ளுங்கள். குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம்.

சில்லறைப் பதற்றங்கள்

குட்டி முக்கி முக்கி நின்று, முதல் கறுப்பு மலம் வராவிட்டால் விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். ஆசனவாய் வழியாக எனிமா கொடுத்தால் இளகிவிடும். ஒரு வாரம் கழித்து லேசாகக் கழிந்தாலும், சுறுசுறுப்பாகப் பால் குடித்தால் மாத்திரை தேவையில்லை. தாயின் லத்தியைக் குட்டி தின்பதும் இயல்புதான், அடித்து விரட்ட வேண்டாம். பால் குடிப்பதை நிறுத்திவிட்டதென்றால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

தொப்புளும் நொண்டும் குட்டியும்

தொப்புள்கொடியைக் கத்தியால் அறுக்க வேண்டியதில்லை. தாய் எழும்போது தானாக அறும். நூல் போட்டுக் கட்டினால் அழுக்கு உள்ளேயே தங்கும், ரத்தம் நிற்காவிட்டால் மட்டும் கட்டலாம். சாம்பல், மஞ்சள், சாணம் எதுவும் வேண்டாம். தண்ணீர் கலந்த குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியில் அல்லது பெட்டாடினில் முதல் இரண்டு நாள் சில தடவை நனைத்தால் போதும். கடுமையான அயோடின் தோலைப் பொசுக்கும். தொப்புள் வழியாகச் சிறுநீர் கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தாய்க்குச் சினைக் கடைசி மாதத்தில் டெட்டனஸ் ஊசி போட்டிருக்காவிட்டால், குட்டிக்கு அதற்கான எதிர்ப்பு ஊசி பற்றியும் அன்றே கேளுங்கள்; இந்த நோய்க்குக் குதிரை எளிதில் இரையாகும்.

சில நாள், சில வாரம் கழித்துக் குட்டி நொண்டினால் "தாய் மிதிச்சிருக்கும்" என்று எண்ணெய் தேய்ப்பார்கள். பெரும்பாலும் தாய் மிதித்திருக்காது. தொப்புள் வழியாகவோ குடல் வழியாகவோ நுழைந்த கிருமி மூட்டுக்குள் சீழ் வைத்திருக்கும். மூட்டில் வீக்கமோ சூடோ இருந்தால் அன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் எண்ணெய் தேய்த்துவிட்டு வந்தால் மூட்டின் குருத்தெலும்பு அரித்துப்போயிருக்கும், அதை எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது.