ஓடும் பிள்ளைகளின் படத்தில் புள்ளி விழாமல் இருக்க

வன்னி வெயிலுக்கு, பின்னேரம் கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் பிள்ளைகள் கிளித்தட்டு மறிக்க இறங்குவார்கள். அந்த நேரத்துப் படங்களில் முகத்தின் நிழல் பக்கமும் கறுத்த முடியும் புள்ளி புள்ளியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் உடனே ஐஎஸ்ஓவை, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவை, குறை சொல்வார்கள். கமராவுக்குள் போதிய வெளிச்சம் போகாததுதான் முக்கிய காரணம்.

அதனால் ஐஎஸ்ஓ 800இலேயே பிடிவாதமாக நின்று, இருட்டாக வந்த படத்தைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்காதீர்கள். நாலு மடங்கு கூட்டினால் அது 3200இல் எடுத்ததற்குச் சமம்; பல கமராக்களில் நிழல் பகுதி அதைவிட மோசமாகவே வரும். தயங்காமல் 3200 வைத்து, முகம் சரியான வெளிச்சத்தில் வரும்படி எடுங்கள்.

அப்புறம் ஷட்டர் வேகம், அதாவது கமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரம். ஓடும் பிள்ளைக்கு 1/1000 செக்கன் வேண்டும் என்றில்லை, 1/500 பெரும்பாலும் போதும். அந்த ஒரு மாற்றத்திலேயே வெளிச்சம் இரட்டிப்பாகும், ஐஎஸ்ஓவைப் பாதியாக இறக்கலாம். கிளித்தட்டில் கோட்டைத் தாண்டமுதல் பிள்ளை ஒரு கணம் தயங்கி, மறிப்பவரின் கையையே பார்த்து நிற்கும். அதற்குக் காத்திருந்தால் 1/250 கூடப் போதும். நல்ல முகபாவமும் அப்போதுதான் கிடைக்கும், எனக்கு மிகவும் பிடித்த கணம் அது.

லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்துவிடுங்கள். பாலை மரத்து நிழலைவிடத் திறந்த வெளி நல்லது. போனில் எடுப்பவர்கள் விரலால் சூம் பண்ணாமல் கிட்டப் போய் எடுங்கள். சூம் பண்ணினால் புள்ளிகளும் சேர்ந்தே பெரிதாகும்.