எதை அழிக்காது என்பதை முதலில் எழுதுங்கள்

ஏஐ ஏஜெண்டுகள் ஓடும் டெஸ்ட் சூழலைச் சுத்தம் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறீர்களா? அது எதைத் தொடாது என்பதை ரீட்மீயின் (கூடவே வைக்கும் விளக்கக் கோப்பு) முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். டாக்கரில் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) 'சிஸ்டம் ப்ரூன்' என்ற சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்தால் நின்றுபோன கன்டெய்னர்கள், அதாவது அந்தப் பெட்டிகள், போய்விடும். ஆனால் டேட்டாவைச் சேமித்துவைக்கும் வால்யூம்கள் அப்படியே கிடக்கும். இது தெரியாமல், ஏஜெண்ட் திடீரென்று எல்லா டெஸ்டிலும் எப்படி பாஸ் ஆகிறது என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். போன தடவை அது எழுதிவைத்த விடை வால்யூமில் கிடந்த டேட்டாபேஸிலேயே இருந்திருக்கிறது!

அப்புறம், ரீட்மீயை ஏஜெண்டும் படிக்கும். 'தேவையில்லாததை அழிக்கவும்' என்று மொட்டையாக எழுதினால், அதன் கண்ணுக்கு எல்லாமே தேவையில்லாததுதான். எந்த லேபிள் உள்ளவை, எத்தனை மணி நேரத்துக்கு முந்தையவை என்று எண்ணோடு சொல்லுங்கள். 'டிரை ரன்' (நிஜமாக அழிக்காமல், எதெல்லாம் அழியும் என்று மட்டும் காட்டும் ஓட்டம்) வெளியீடு ஒன்றையும் மாதிரிக்கு ஒட்டிவையுங்கள்.