சிங்க்கின் அடியில் ஈரம்: நான்கு நாள் அலைச்சல்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் நிற்கும் எங்கள் பன்னிரண்டு அடி டிரெய்லரின் சமையல் மேடையை ஐப்பசியில் மாற்றினேன். புது சிங்க், ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் பலகை. பத்தே நாளில் சிங்க்கின் அடிப்பலகை கறுத்து உப்பியது.

கழிவுநீர்க் குழாயைத்தான் சந்தேகித்தேன். வாஷரை மாற்றினேன், இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றினேன், சிங்க் விளிம்பில் மறுபடி சிலிகான் பூசினேன். ஈரம் நிற்கவில்லை. கடைசியில் தண்ணீர்த் தொட்டியையே காலி செய்து பம்ப்பின் வயரைக் கழற்றினேன். மறுநாள் காலையிலும் பலகை நனைந்திருந்தது! அப்படியானால் இது குழாய்த் தண்ணீரே அல்ல. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அன்றிரவு அடிப்பலகை முழுவதும் கோலமாவைத் தூவிவைத்தேன். மழை விட்டதும் பார்த்தால், இடது சுவரோரத்திலிருந்து சிங்க் வரை மாவில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு. டிரெய்லர் வலப்பக்கம் சற்றுச் சாய்ந்து நின்றதால், எங்கோ நுழைந்த நீர் இங்கே வந்து தேங்கியிருக்கிறது.

வெளியே, அந்த இடத்துக்கு நேர் மேலே, பந்தல் துணி மாட்டும் அலுமினியச் சட்டம். அதன் மூன்றாவது திருகாணி கடற்காற்றில் துருப்பிடித்து, விரலால் தொட்டதும் தலை தனியாக வந்தது. பழைய சிலிகான்மேல் புதிய சிலிகான் ஒட்டாது; எனவே சட்டத்தையே கழற்றிச் சுரண்டி, பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் பட்டை) வைத்து, எளிதில் துருப்பிடிக்காத 316 ரக எஃகுத் திருகாணிகளால் முடுக்கினேன். அதன்பின் இரண்டு பெருமழை. மாவு உலர்ந்தே கிடக்கிறது.