பலாலி வழியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு

கொழும்புக்குக் கிட்ட உள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, வான் வண்டிக்குள் பெட்டிகளை அடுக்கி, புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று ஏழெட்டு மணித்தியாலம் ஓடி யாழ்ப்பாணம் சேர்ந்த களைப்பு நம்மில் பலருக்குத் தெரியும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற வயதான அம்மாவுக்கு அந்தக் கடைசி ஓட்டம்தான் பெரிய வதை. யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் 16 கிலோமீற்றர் அளவில்தான். முழங்கால் நோவோடு இருக்கும் பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பேன். ஐந்தாறு பெரிய பெட்டிகளோடு குடும்பமாகக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குக் கட்டுநாயக்காவே வசதி.

பலாலி வழியில் பலர் பிழை விடுவது இந்திய விசாவில். கனடா, பிரித்தானிய, அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சென்னை வரை ஒரு ரிக்கெற்றும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு வேறொரு ரிக்கெற்றும் எடுத்தால், சென்னையில் குடிவரவைக் கடந்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போக வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். விசா இல்லாவிட்டால் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்றாமல் விடக்கூடும். திரும்பி வரும்போதும் இதே கதை. 30 நாள் இ-விசாவில் இரண்டு தடவை உள்ளே வரலாம், ஆனால் நாள் எண்ணுவது முதல் தடவை இறங்கிய அன்றிலிருந்து. ஊரில் ஐந்து கிழமை நின்றுவிட்டு வந்தால் அந்த விசா முடிந்திருக்கும். ஆகவே ஒரு மாதத்துக்குக் கிட்ட நிற்பவர்கள் ஒரு வருட விசாவையே எடுங்கள்.

முழுப் பயணமும் ஒரே ரிக்கெற்றாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்போதும், புறப்படும் இடத்திலேயே பெட்டியில் ஒட்டும் துண்டைப் பாருங்கள். அதில் ஜே ஏ எஃப் என்று யாழ்ப்பாணத்தின் குறியீடு இருக்க வேண்டும். சென்னையின் குறியீடு இருந்தால் கவுண்டரை விட்டு நகராமல் கேளுங்கள். இலங்கைக்கான இணையவழி விசாவை அரசாங்கத்தின் சொந்த இணையத்தளத்திலேயே எடுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, போன முறை போன மச்சான் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

நகை பற்றியும் ஒரு சொல். சென்னையில் வெளியே வந்தால் இந்தியச் சுங்கச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். தாலிக்கொடியும் காப்பும் சங்கிலியுமாக எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போய்ச் சுங்கத்தில் மணிக்கணக்காக நின்று விளக்கம் சொல்ல வேண்டாம். கனமான நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இந்த வழியில் ஓடுவது ஏ.டி.ஆர். 72 ரக விமானம். இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும், எழுபது பேரளவில் இருக்கலாம். கைப்பொதிக்கு இண்டிகோவில் 7 கிலோதான். பெரிய விமானத்தில் விட்ட நிறையை இதிலும் விடுவார்கள் என்று எண்ணாமல் ரிக்கெற்றில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கட்டுங்கள். ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கக் கதவால், சில படிகள் மட்டுமே. ஏலாதவர்களுக்கு சக்கர நாற்காலி வேண்டுமென்று ரிக்கெற் போடும்போதே சொல்லிவிடுங்கள். இறக்கை யன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறையாது. நீலம் முடிந்து கரை வந்ததும் பனங்கூடல், பிறகு சதுரம் சதுரமாகச் செம்மண் தோட்டம், தோட்டத்துக்கொரு கிணறு. அம்மாவுக்கு யன்னலோர இருக்கையைக் கொடுங்கள்.

இறங்குகிற நிலத்தின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியர் அமைத்த ஓடுபாதை இது. 1947 டிசம்பர் 10 இல் எயர் சிலோன் விமான நிறுவனம் தன் முதலாவது பயணத்தையே கொழும்புக்கு அருகிலுள்ள இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. அன்று காங்கேசன்துறை என்று சொன்னது இந்தப் பலாலித் தளத்தைத்தான். பிறகு போர் வந்தது. 1990 இல் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த உடுப்போடு எழும்பியது. பலாலியும் மயிலிட்டியும் வசாவிளானும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்ரெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். அந்த வீடுகளில் இன்றும் அந்தத் திகதிக்கு விளக்கேற்றுகிறார்கள்.

யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு 2019 ஒக்ரோபர் 17 இல் இது திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயர் சென்னைச் சேவையைத் தொடங்கியது, 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் வந்தது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. திருச்சியில் இறங்கக்கூடியவர்கள் அந்த வழியையும் விலை பார்க்கலாம்.

இது இன்னமும் விமானப்படைத் தளம். ஓடுபாதை, வேலி, காவலரண் எதையும் படம் எடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கூட்டிப் போக வருகிற சொந்தக்காரரை வாகனத்தோடு முன்பே ஒழுங்கு செய்யுங்கள். வலிகாமம் வடக்கில் காணி இருந்தவர்கள் உறுதிப் பிரதியையும் அடையாள அட்டைப் பிரதியையும் கொண்டு போங்கள். சில காணிகள் விடப்பட்டுவிட்டன, சில இன்னும் இல்லை. உங்கள் துண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் நேரில் போய்க் கேட்கலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, எங்கட கிணறு அந்தப் பூவரசுக்குப் பின்னால என்று கைகாட்டுகிற ஐயாமாரை ஊருக்குப் போகிற ஒவ்வொருவரும் சந்திப்பீர்கள். அவர்களோடு கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை மழையும் புயலும் சென்னையைப் பிடிக்கிற காலம். அந்த மாதங்களில் சென்னையிலிருந்து நாடு திரும்பும் விமானத்தை அதே நாளில் போடாமல் ஓரிரவு விட்டுப் போடுங்கள். மாமி கட்டித் தருகிற மிளகாய்த்தூளைக் கைப்பொதியில் வைக்காதீர்கள், பெட்டிக்குள் போடுங்கள். புழுக்கொடியலையும் வடகத்தையும் சேர்த்துக் கட்டிய பிறகு பெட்டியை வீட்டுத் தராசிலேயே ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள்.