எழுதிச் சம்பாதிக்கக் கற்றுத்தரும் கோர்ஸ்: பணம் கட்டும் முன் சோதிப்பது எப்படி

‘வீட்டில் இருந்தபடியே எழுதி மாதம் ஒரு லட்சம்’ என்று வரும் விளம்பரத்தில் அந்த ஒரு லட்சம் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. விளம்பரம் செய்பவருக்கு நிஜமாகவே வந்திருக்கலாம். எதிலிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது: எழுதி வந்ததா, எழுதிச் சம்பாதிக்கக் கற்றுத்தருகிறேன் என்று கோர்ஸ் விற்று வந்ததா? விற்பவர் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நாமேதான் தோண்ட வேண்டும். ஒரு மாலைப் பொழுதும் ஒரு லேப்டாப்பும் போதும்.

முதலில் ஏணி எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இலவச ரீல்ஸ், அதற்கு மேல் 99 ரூபாய் வெபினார், அதற்கு மேல் ஐந்தாயிரம் ரூபாய் கோர்ஸ், உச்சியில் ஐம்பதாயிரம் ரூபாய் ‘மென்டர்ஷிப்’. தொகை ஆளுக்கு ஆள் மாறும், படிகள் மாறாது. 99 ரூபாயில் அவருக்குப் பெரிய லாபம் இல்லை. விளம்பரச் செலவில் ஒரு பகுதியை அது ஈடுகட்டும். பர்ஸைத் திறக்கக்கூடியவர் யார் யார் என்று சலித்தும் கொடுத்துவிடும். இரண்டு மணி நேர வெபினாரில் முக்கால்வாசி நேரம் பட்ட கஷ்டமும் வாங்கிய காரும்தான். கடைசியில் ‘1,20,000 ரூபாய் மதிப்புள்ள போனஸ், இன்றிரவு 12 மணி வரை வெறும் 4,999’ என்று வரும். அந்த 1,20,000 என்ற விலையில் யாராவது எப்போதாவது வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

‘லைவ்’ என்று ஓடுவது பழைய பதிவாகவும் இருக்கலாம். பக்கத்தில் ஓடும் ‘நான் சேர்ந்துவிட்டேன் சார்’ வகை சாட் செய்திகளையும் நேரம் குறித்து முன்கூட்டியே ஏற்றி வைக்கும் வசதி சில வெபினார் மென்பொருள்களில் இருக்கிறது. ‘இன்று என்ன கிழமை, வாய்விட்டுச் சொல்லுங்கள்’ என்று சாட்டில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

வருமான ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பது

ஸ்கிரீன்ஷாட் சாட்சியே அல்ல. கம்ப்யூட்டரில் எஃப்12 விசையை அழுத்தினால் எந்த இணையப் பக்கத்திலும் உள்ள எண்ணை நம் திரையில் மாற்றிக்கொள்ளலாம். 1,200 என்பதை 1,20,000 ஆக்க அரை நிமிடம் ஆகாது. இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேகளில் ‘டெஸ்ட் மோடு’ என்று ஒன்று உண்டு. புரோகிராமர்கள் சோதிப்பதற்காக வைத்தது. பொய்க் கார்டு எண்ணைப் போட்டு லட்சக்கணக்கில் ‘பணம் வந்தது’ என்று டேஷ்போர்டில் காட்டலாம். அதனால் வீடியோவில் பக்கத்தை ரீலோடு செய்து காட்டினாலும் மயங்க வேண்டாம்.

எண்ணை விட முக்கியம், அது எந்த டேஷ்போர்டு என்பது. கிண்டில் வருமானம், மின்னூல் வெளியிடும் அமேசான் தளமான கேடிபியின் ராயல்டி அறிக்கையில் தெரியும். வலைப்பதிவின் விளம்பர வருமானம் கூகுளின் ஆட்சென்ஸில் தெரியும். பேமென்ட் கேட்வே டேஷ்போர்டைக் காட்டினால், அது அவரிடம் நேரடியாகப் பணம் கட்டியவர்களின் கணக்கு. ஒவ்வொன்றும் 4,999, 4,999 என்று வரிசையாக நின்றால் அது எழுத்துக்கு வந்த கூலி இல்லை, கோர்ஸ் விற்ற காசு.

கேட்க வேண்டியவை மூன்று. எந்தெந்த மாதங்கள்? விளம்பரச் செலவும் ரீஃபண்டும் கழித்து எவ்வளவு? அதில் கோர்ஸ் விற்பனை எவ்வளவு? பத்து லட்சம் ‘ரெவின்யூ’ காட்டுபவர் ஆறு லட்சத்தை விளம்பரத்துக்குக் கொடுத்திருந்தால் அந்தத் திரையில் அது தெரியாது. ‘என் கிண்டில் புத்தகங்கள் புனைபெயரில் இருக்கின்றன, சொல்ல முடியாது’ என்பது அடிக்கடி வரும் பதில். புனைபெயருக்கு உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் சரிபார்க்க முடியாத வருமானத்தை விளம்பரத்தில் போட்டு விற்க முடியாது.

கடைசித் தேதி நிஜமா

இன்காக்னிட்டோ ஜன்னலில் விற்பனைப் பக்கத்தைத் திறந்து கவுண்ட்டவுன் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டு மறுபடியும் புதிதாகத் திறங்கள். மறுபடி 15 நிமிடத்திலிருந்து ஆரம்பித்தால் அது பிரவுசரில் ஓடும் கடிகாரம், நிஜக் கெடு இல்லை. அடுத்து மெட்டாவின் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நிறுவனம்) விளம்பர நூலகத்தில் அவர் பக்கத்தின் பெயரைத் தேடுங்கள். இப்போது ஓடும் விளம்பரங்கள் எந்தத் தேதியில் தொடங்கின என்று அங்கே இருக்கும். ‘இன்னும் மூன்று நாள்தான்’ என்ற விளம்பரம் நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தால் சிரித்துவிட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும். இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதே பக்கத்தின் நகல் இருந்தால், போன வருடமும் இதே ‘கடைசி 20 சீட்’ இருந்ததா என்று தெரிந்துவிடும்.

இப்படிப் போலி அவசரம் காட்டுவது இந்தியாவில் தடை செய்யப்பட்ட உத்தி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட ‘டார்க் பேட்டர்ன்’ (இணையத்தில் வாங்குபவரை ஏமாற்றும் உத்திகள்) நெறிமுறைகள் 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. அதில் முதலாவது இதுதான். அதே ஆணையத்தின் 2022 விளம்பர நெறிமுறைகளில் பலர் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு: பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரத்தில் உள்ள வாக்குறுதியின் மொழியிலேயே இருக்க வேண்டும். ‘மாதம் ஒரு லட்சம்’ என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ‘பலன் ஆளுக்கு ஆள் மாறும்’ என்பதை மட்டும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பிக்க முடியாது.

கணக்குப் போடுங்கள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கோர்ஸ் சொல்லும் வழியை எடுத்துக்கொண்டு, மாதம் 50,000 ரூபாய்க்கு எவ்வளவு விற்க வேண்டும் என்று தலைகீழாகக் கணக்கிடுங்கள்.

கிண்டிலில் 150 ரூபாய்க்கு ஒரு மின்னூல். 35 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 52 ரூபாய் 50 காசு; மாதம் ஏறக்குறைய 950 பிரதிகள், அதாவது தினமும் 32. 70 சதவீத ராயல்டி என்றால் 105 ரூபாய், டெலிவரி கட்டணம் கழிப்பதற்கு முன். அப்போதும் மாதம் 476 பிரதிகள் வேண்டும். இந்திய விற்பனைக்கு அந்த 70 சதவீதம் வேண்டுமானால் கேடிபி செலக்டில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறு எங்கும் போடக்கூடாது, உங்கள் சொந்த வலைப்பதிவில்கூட. ‘கிண்டிலிலும் போடுங்கள், பிடிஎஃப் ஆகவும் விற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒரே மூச்சில் சொல்லும் கோர்ஸ் இந்த விதியைப் படிக்கவில்லை என்று அர்த்தம். பணமும் உடனே வராது. விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்துத்தான் வரும்.

ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழுக்கும் உண்டு. ஆயிரம் பார்வைக்கு 60 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 50,000 ரூபாய்க்கு மாதம் எட்டே கால் லட்சத்துக்கு மேல் பார்வைகள் வேண்டும். 100 டாலர் சேரும் வரை பணம் கைக்கு வராது. கூலிக்கு எழுதும் வேலையில் வார்த்தைக்கு 50 காசு கிடைத்தால் மாதம் ஒரு லட்சம் வார்த்தை. 25 வேலை நாளில் தினம் நான்காயிரம். கை வலிக்காமல் எழுதிவிடலாம்தான், ஆனால் தினமும் நான்காயிரம் வார்த்தைக்கு வேலை தருகிறவர் யார் என்பதைக் கோர்ஸ் சொல்ல வேண்டும். கிளையன்ட் எங்கிருந்து வருவார் என்ற பாடம் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். அங்கேதான் பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் மட்டும் இருக்கும்.

கணக்கையே முடக்கும் பாடங்கள்

‘ஏஐ வைத்து மாதம் நூறு மின்னூல்’ என்பது இப்போது ஓடும் சரக்கு. கேடிபி 2023 முதல், ஏஐ உருவாக்கிய உள்ளடக்கமாக இருந்தால் பதிவேற்றும்போதே அதைச் சொல்லக் கேட்கிறது. ஒரு நாளைக்குப் புதிதாக ஏற்றும் தலைப்புகளுக்கும் வரம்பு வைத்திருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உரையை அட்டை மாற்றிப் போடுவதும், வாட்ஸ்அப் குழுவில் ‘உனக்கு நான், எனக்கு நீ’ என்று ரிவ்யூ மாற்றிக்கொள்வதும் விதிமீறல்கள். கணக்கு முடக்கப்பட்டால் நிலுவையில் உள்ள ராயல்டியும் கைக்கு வராமல் போகலாம். வலைப்பதிவிலும் இதே கதைதான்: தேடலில் மேலே வருவதற்காக மட்டும் கட்டுரைகளை மொத்தமாக உற்பத்தி செய்து கொட்டுவதை கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் பட்டியலில் சேர்த்தது. கோர்ஸ் எப்போது பதிவு செய்யப்பட்டது என்று கேட்பது அதனால்தான் அவசியம்.

‘இந்தக் கோர்ஸையே நீங்கள் மறுபடி விற்கலாம், முழுப் பணமும் உங்களுக்கு’ என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆள் சேர்ப்பதே வருமானம் என்றால் சீட்டுக்கட்டை அடுக்குவது போலத்தான். 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் சேர்த்துவிடுபவர் மீதும் பாயலாம்.

ரீஃபண்டும் இஎம்ஐயும்

‘30 நாள் மணி பேக்’ என்ற முத்திரையை நம்பாமல் ரீஃபண்ட் விதிகளை முழுதாகப் படியுங்கள். எல்லா வீடியோவையும் பார்த்திருக்க வேண்டும், எல்லா அசைன்மென்ட்டும் முடித்திருக்க வேண்டும், முயன்றும் பலன் இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்று இருக்கும். வாரம் ஒரு பாடம் வீதம் எட்டு வாரம் திறக்கும் கோர்ஸில் 30 நாளுக்குள் எல்லாவற்றையும் முடிக்கவே முடியாது என்பதைக் கவனியுங்கள்.

இன்வாய்ஸ் கேளுங்கள். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அவருடைய பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவான பெயரும் எண் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குக் கீழ் என்றால் பதிவு கட்டாயமில்லை. ஆனால் மாதம் பத்து லட்சம் என்று மார்தட்டுபவரிடம் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் இரண்டில் ஒன்று பொய்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’தான் ஆளைக் கவிழ்ப்பது. தவணையில் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஆதார் ஓடிபி சொல்வோம்; உண்மையில் ஒரு நிதி நிறுவனத்தில் நம் பேரில் கடன் எடுக்கப்படுகிறது. மொத்தப் பணமும் கோர்ஸ்காரருக்குப் போய்விடும். பிறகு ‘கோர்ஸ் சரியில்லை’ என்று தவணையை நிறுத்தினால் கெடுவது நம் சிபில் ஸ்கோர். ஓடிபி கொடுக்கும் முன் கடன் கொடுப்பவர் பெயரையும், கடன் விவரங்கள் அடங்கிய ‘கீ ஃபேக்ட்’ தாளையும் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிப்படி, கடனை அபராதமில்லாமல் கைவிடக் குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும்; அசலும் அந்த நாட்களுக்கான வட்டியும், தாளில் முன்பே சொல்லியிருந்தால் ஒருமுறைச் செயலாக்கக் கட்டணமும் கட்டினால் போதும். அந்த அவகாசம் எத்தனை நாள் என்று அதே தாளில் இருக்கும்.

ஏற்கெனவே கட்டிவிட்டால்

விற்பனைப் பக்கம், விளம்பரம், வாட்ஸ்அப் சாட், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் முதலில் சேமியுங்கள். புகார் போன மறுநாளே பக்கம் மாறிவிடும். போனில் பேசாதீர்கள். ரீஃபண்ட் கேட்பதை மெயிலில் தேதியோடு கேளுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து வங்கியில் ‘டிஸ்பியூட்’ எழுப்புங்கள், தாமதித்தால் கெடு தாண்டிவிடும். பின் எண் போட்டு யுபிஐயில் அனுப்பியதை அப்படித் திரும்பப் பெறுவது கடினம். கோர்ஸே இல்லை, ஆளே இல்லை என்றால் அது மோசடி. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். கோர்ஸ் இருக்கிறது, சொன்னது போல் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

(இடையே ஒன்று. ‘டைப்பிங் வேலை, 90 சதவீதம் சரியாக இருந்தால் சம்பளம்’ என்று ஒப்பந்தம் போட்டு, பிறகு ‘தப்பு செய்துவிட்டாய், வக்கீல் நோட்டீஸ், அபராதம் கட்டு’ என்று மிரட்டும் கும்பல் வேறு ரகம். அவர்களுக்கு ஒரு பைசாவும் அனுப்ப வேண்டாம், அந்த நோட்டீஸோடு நேராக 1930-தான்.)

அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையத்திலும் போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘வியாபாரத்துக்காக வாங்கிய கோர்ஸ், ஆகவே இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிய பொருளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை; கோர்ஸுக்கும் அதே வாதத்தை வைக்கலாம். சுயதொழிலுக்காக வாங்கியது என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.